ஏரிக்கரையில் விலைக்கு வந்த வளை

பழைய ஏரிக்கரை ஒன்றில் அடுக்கடுக்காகப் பல வளைகள் இருந்தன. மேல் வளையில் பெருச்சாளி, அடி வளையில் நண்டு. நடு வளை காலியாகக் கிடந்தது. அதை விற்றுத் தரும் தரகு வேலையை ஓணான் ஏற்றிருந்தது.

புரட்டாசி வெயிலில் ஒரு வெள்ளெலி வந்தது. அதன் வயிற்றில் குட்டிகள். மழைக்கு முன் ஓர் இடம் பிடித்தாக வேண்டும்.

“கிழக்குப் பார்த்த வாசல், அக்கா. எதிரே நெல் வயல். மாலையானால் ஏரிக்காற்று. இதைவிட வேறென்ன வேண்டும்?” என்றது ஓணான்.

வெள்ளெலி வாசலை அளந்தது. காற்று வருகிறதா என்று பார்த்தது. பிறகு பின்சுவரை முகர்ந்தது.

“இது ஏன் ஈரமாக இருக்கிறது?”

“புதுப் பூச்சு, இன்னும் காயவில்லை. விவரம் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?”

வெள்ளெலியின் மூக்கு ‘வேண்டாம்’ என்றது. கால்களோ நடந்து களைத்திருந்தன. வெள்ளெலி கால்களின் பேச்சைக் கேட்டது. தன் தானியச் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வளையை வாங்கியது.

ஐப்பசியில் நான்கு குட்டிகள் பிறந்தன. அவை கண் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை, பின்சுவரின் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே நீண்ட வெடிப்பு. வெள்ளெலி காதை வைத்தது. மண்ணுக்குள் யாரோ மெல்ல உறிஞ்சிக் குடிப்பதுபோல் ஓசை கேட்டது. அதே நேரம் கூரையிலிருந்தும் மண் உதிர்ந்தது.

வெள்ளெலி மேல் வளைக்கு ஓடியது.

“என்ன செய்கிறீர்கள், அண்ணாச்சி?”

“கூடம் போதவில்லை, அகலப்படுத்துகிறேன்,” என்றது பெருச்சாளி.

“அது என் கூரை.”

“எனக்கு அது தரை. என் தரையை நான் தோண்டுகிறேன்.”

“என் சுவர் வெடித்துத் தண்ணீர் கசிகிறது. கரையே போய்விடும் போலிருக்கிறது.”

“கரை என்ன என் வீடா? போய்ப் பிள்ளைகளைப் பார், தாயே.”

வெள்ளெலி அடி வளைக்கு இறங்கியது. அங்கே நண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

“மூன்று மழைக்காலமாக இந்த ஓட்டையை நான் ஒருவன்தான் அடைக்கிறேன். ஒரு பிடி மண் தர ஆளில்லை. உனக்கு முன்னால் இருந்தவன் வெடிப்பின்மேல் பூசிவிட்டுப் போனான்,” என்றது நண்டு.

“இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?”

“வீடு பார்க்க வந்த அன்று என் வாசலை இரண்டு முறை கடந்தாய். ஒரு வார்த்தை கேட்டாயா? விற்கிறவனிடமே கேட்டுவிட்டு வாங்கினாய். நிற்காதே, குட்டிகளைத் தூக்கு.”

ஒரு வாயில் ஒரு குட்டிதான் கொள்ளும். வயலுக்கு அப்பால் இருந்த பாறைமேட்டில் முதல் குட்டியை வைத்துவிட்டுத் திரும்பியபோது வளையில் தண்ணீர் பாதம் நனைத்தது. இரண்டாவதைத் தூக்கும்போது வயிற்றைத் தொட்டது. மூன்றாவதைக் கவ்விக்கொண்டு வெள்ளெலி நீந்தித்தான் வெளியே வந்தது. நான்காவது குட்டி உயரமான மூலையில் கிடந்து கீச்சிட்டது. அந்தக் குரல் வயல் முழுவதும் தாயின் பின்னாலேயே வந்தது.

மூன்றாவதை மேட்டில் கிடத்திவிட்டு அது திரும்பிப் பார்த்தது. கரை இருந்த இடத்தில் செந்நிற வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. “ஐயோ, என் கூடம்” என்று அலறியபடி பெருச்சாளி உருண்டு போயிற்று. வெள்ளெலி அதைப் பார்க்கவில்லை. கீச்சொலி வருகிறதா என்று காதைத் தீட்டி நின்றது. நீரின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

பழைய கட்டடத்தில் வீடு வாங்குபவர் தம் அறையை மட்டும் பார்த்தால் போதாது; எல்லோருக்கும் பொதுவான சுவரை யார் காக்கிறார்கள் என்று, விற்பவரிடம் அல்லாமல், அங்கே குடியிருப்பவரிடம் கேட்டறிய வேண்டும்.