“போறேன்”னு சொல்லுடா சேந்தா

நிறுத்து. இவ்ளோ நேரம் நீ பேசின, நான் கேட்டேன். இப்ப உட்காரு. எயினி கல்நெஞ்சக்காரி, உயிர்ச் சிநேகிதனோட கடைசி நேரத்துல வம்புச்சண்டை போட்டு அவனை விரட்டிவிட்டவ, இதானே உன் குற்றச்சாட்டு? பாதிக் கதையைக் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்றவங்களுக்கு வாய் மட்டும் எப்படித்தான் இவ்ளோ நீளுதோ! முழுசா நான் சொல்றேன். குழந்தைங்க முன்னாடி வாங்க. பெரியவங்க கொட்டாவி விடாம கேளுங்க. நீ அங்கேயே இரு, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ஆத்துக்குக்கூட யாரும் பேர் வைக்காத காலத்துல, ஒரு ராஜ்ஜியம். ஆத்துக்கு இக்கரையில கோட்டை. அக்கரையில சுடுகாடு, அதைத் தாண்டிக் காடு. விறகு வெட்டப் போறவங்களையும் தேன் எடுக்கப் போறவங்களையும் பரிசல்ல ஏத்தி அக்கரை சேர்க்கிறவதான் எயினி. அந்த ஊர்ல யாரும் “போறேன்”னு சொல்லவே மாட்டாங்க. அடுத்த வீட்டுக்கு உப்பு வாங்கப் போனாலும் “போயிட்டு வரேன்”தான். வாய் தவறி “போறேன்”னுட்டா, வாயிலயே ஒரு அடி விழும்.

அந்த ராஜாவோட ஒரே மகன் சேந்தன். அவனுக்கும் எயினிக்கும் சின்ன வயசுலேருந்து சிநேகம். ஒரு நாளைக்கு மூணு சண்டை, மூணு சமாதானம்.

பதினாறு வயசுல சேந்தனைப் பாம்பு கடிச்சிருச்சு. உடம்பெல்லாம் நீலம். ராணி தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. ராஜா அழல. ஒரு மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்தார். “என் மகனைக் காப்பாத்து”ன்னு அவர் கேக்கல. “சாகாம இருக்க வழி இருக்கா?”ன்னு கேட்டார். அந்த வித்தியாசம் அன்னிக்கு யார் காதுலயும் ஏறல.

அந்த மந்திரவாதி பேரு முடிச்சுக்காரன். உடம்பெல்லாம் கறுப்புக் கயிறு. கயிறெல்லாம் முடிச்சு. ஒரு முடிச்சுல காதை வெச்சா, உள்ள யாரோ “வரேன்… வரேன்… வரேன்…”னு முனகுறது கேக்கும். அவன் வெயில்ல நின்னா, காலடியில ஒத்தை நிழல் மட்டும் இல்ல. ஒம்பது, பத்து கிடக்கும்.

“சாகுறவன் ‘போயிட்டு வரேன்’னு சொல்லணும்”னான் அவன். “அவன் மேல உசுரையே வெச்சிருக்கிறவங்க ‘போயிட்டு வா’ன்னு சொல்லணும். ரெண்டு சொல்லையும் சேத்து முடிச்சுப் போட்டுருவேன். மூணாம் நாள் உச்சிவெயில்ல அக்கரையில வந்து நிப்பான்.”

ராணி மாட்டேன்னுட்டாங்க. “என் பிள்ளையை நிம்மதியா விடுங்க”ன்னாங்க. அவங்களை அறையில போட்டுப் பூட்டிட்டு, எயினியைக் கூட்டிட்டு வந்தாங்க.

சேந்தன் முனகினான், “போயிட்டு வரேன்டி.”

எயினி தேம்பிக்கிட்டே சொன்னா, “போயிட்டு வாடா.”

யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. நீயும்தான்.

மூணாம் நாள் உச்சிவெயில். அக்கரை மணல்ல சேந்தன் நின்னான். எயினி ஓடிப்போய்க் கட்டிக்கிட்டா. “ஏன்டி பரிசல் இவ்ளோ லேட்டு?”ன்னு சிரிச்சான். ஆனா அவன் ஏறி உக்காந்தப்போ பரிசல் ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலந்தான் தாழ்ந்துச்சு. அப்புறம்தான் கவனிச்சா. அவனுக்கு நிழல் இல்ல.

ஊரே கொண்டாடிச்சு. ஒரு மாசம்தான். விஷம் உள்ளேயே இருந்துச்சு. மறுபடி நீலம், மறுபடி மூச்சு வாங்கல்.

“போயிட்டு வரேன்டி.”

“போயிட்டு வாடா.”

மூணாம் நாள் உச்சிவெயில்ல வந்தான். பரிசல் அரை விரக்கடை தாழ்ந்துச்சு. எயினி பழைய கேலியெல்லாம் பேசிப் பார்த்தா. அவன் வாயைத் திறந்தான், உதடு விரிஞ்சுச்சு, சிரிப்பு வரல. கரைக்கு வந்ததும் பின்னாடிலேருந்து ஒரு சிரிப்பு கேட்டுச்சு. சேந்தனோட சிரிப்பு. மூக்கால உறிஞ்சி உறிஞ்சிச் சிரிப்பானே, அதே சிரிப்பு. எயினி திரும்பினா. சிரிச்சது முடிச்சுக்காரன்.

அவ அவன் முன்னால போய் நின்னா. “அது அவனோடது. குடு”ன்னா.

“அக்கரையில விட்டுட்டு வர்றதெல்லாம் எனக்குத்தான், குட்டி. முதல்ல நிழல். அப்புறம் சிரிப்பு. அடுத்தது ஞாபகம். மூணாவது தடவை இந்தக் கரையில கால் வெச்சா முடிச்சு இறுகிரும். அப்புறம் அவன் சாகவே மாட்டான். சும்மா வந்துக்கிட்டே இருப்பான்.”

“முடிச்சை எப்படி அவுக்கிறது?”

அவன் சேந்தனோட சிரிப்பைச் சிரிச்சான். “அவனே வாய்விட்டு ‘போறேன்’னு சொல்லணும். முடிச்சுல தன் சொல்லைக் கலந்தவ ‘போ’ன்னு சொல்லணும். எந்த ஊர்ல, எந்த வீட்டுல அப்படிச் சொல்லுவாங்க? சொல்லு!”

அடுத்த மாசம் எயினி வாயைத் திறக்கல. சேந்தன் மூச்சுக்குத் தவிக்கிறான், இவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. ராஜா அவளோட அப்பா கழுத்துல கத்தியை வெச்சார். “இந்த வித்தை என் மகன்மேல பலிச்சாத்தான் எனக்குப் பலிக்கும். சொல்லு பொண்ணே!”

சொன்னா. வேற என்ன செய்வா?

மூணாம் நாள் உச்சிவெயில். அக்கரையில ஒருத்தன் நின்னான். சேந்தனோட முகம், உள்ள யாரும் இல்ல. உக்காருன்னா உக்காந்தான். பரிசல் கொஞ்சங்கூட அசையல. இக்கரையில ராஜா, முடிச்சுக்காரன், மேளதாளம்.

“நான் யாருன்னு தெரியுதாடா?”

“போயிட்டு வரேன்.”

“உன் பேரு என்ன?”

“போயிட்டு வரேன்.”

நடு ஆத்துல எயினி துடுப்பை எடுத்து உள்ள வெச்சுட்டா. பரிசல் மெதுவா சுத்த ஆரம்பிச்சுது. “‘போறேன்’னு சொல்லுடா சேந்தா”ன்னு கெஞ்சினா. “போயிட்டு வரேன்.” அழுதா. “போயிட்டு வரேன்.” கரையிலேருந்து ராஜா கத்துறார். சுழல் பரிசலை இக்கரைப் பக்கமா இழுக்குது.

அப்பதான் அவளுக்கு உறைச்சுது. நம்ம வாயில “போறேன்” எப்ப வரும்? கோவம் வந்தா மட்டுந்தானே?

கண்ணைத் துடைச்சா. இடுப்புல கையை வெச்சா. “ஏன்டா திருட்டுப்பயலே! பத்து வயசுல இந்த ஆத்தை நீந்திக் கடந்தேன்னு ஊரெல்லாம் பீத்தினியே, பாதி தூரம் என் பரிசலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வந்த?”

அவன் இமை லேசா துடிச்சுது.

“தோத்தாங்கோளி!”

“பி… பிடிக்கல.”

“பிடிச்ச.”

“பிடிக்கலடி!”

“பிடிச்ச. வலது கையால. இந்தக் கண்ணால பாத்தேன்.”

“பொய்யி! நீதான் துடுப்பால என்னைத் தள்ளிவிட்ட!”

“ஆமா, தள்ளினேன். இளவரசனாம் இளவரசன்! நாய்க்குட்டி உன்னைவிட நல்லா நீந்தும்!”

அவன் முகம் செவந்துச்சு. குதிச்சு எந்திரிச்சான். “இனிமே உன்கூடப் பேச்சே கிடையாது! நான் போறேன்!”

மேளம் நின்னுபோச்சு.

“போ!”ன்னு கத்தினா எயினி. “போடா! திரும்பி வராத!”

பரிசல் சட்டுன்னு நாலு விரக்கடை தாழ்ந்துச்சு. ஒரு முழு ஆளோட கனம். சேந்தன் அவளையே பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிஞ்சுது.

“நான் பிடிக்கலடி, எயினி.”

“தெரியும்டா.”

மூக்கால உறிஞ்சி ஒரு சிரிப்புச் சிரிச்சான். தொபுக்கடீர்னு குதிச்சான். தண்ணி எயினி முகமெல்லாம் தெறிச்சுது. நீந்தினான், எதையும் பிடிக்காம நீந்தினான், அக்கரை மணல்ல ஏறினான். காலடியில குட்டையா ஒரு நிழல். அதைக் கூட்டிக்கிட்டு நடந்தான். திரும்பிப் பாக்கல.

இக்கரையில முடிச்சுக்காரன் உடம்புல ஒவ்வொரு முடிச்சா தெறிச்சுது. ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு குரல். “போறேன்.” “போறேன்ப்பா.” “நான் போறேன்.” ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், பச்சைப்பிள்ளைக் குரல். நிழலெல்லாம் காக்காக் கூட்டம் மாதிரி கிளம்பி ஆத்தைத் தாண்டிப் போச்சு. கடைசியில அங்க ஆளே இல்ல. கயித்துக் குவியல்தான்.

ராணியைத் திறந்துவிட்டாங்க. அன்னிக்குத்தான் அவங்க பிள்ளைக்காக ஊரோட உக்காந்து அழ முடிஞ்சுது. எயினியை மடியில சாச்சுக்கிட்டு அழுதாங்க. ராஜா மட்டும் அந்தக் குவியல்லேருந்து ஒரு முழம் கயித்தை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டார்.

வருசம் போச்சு. ராஜா படுக்கையில விழுந்தார். கயித்தைக் கையில வெச்சுக்கிட்டு “போயிட்டு வரேன்”னார். முந்நூறு பேர் நின்னாங்க, முந்நூறு பேரும் “போயிட்டு வாங்க மகாராஜா”ன்னாங்க. அவர் போடப் போட முடிச்சு விலாங்கு மாதிரி வழுக்கி வழுக்கி அவுந்துச்சு. மூணாம் நாள் உச்சிவெயில்ல எயினி தொழில் தர்மத்துக்காகப் பரிசலைக் கொண்டுபோய் அக்கரையில காத்துக் கிடந்தா. யாரும் வரல. அப்புறம் ராணி ஆண்டாங்க. ஆத்தோட ரெண்டு கரையும் எயினிக்குன்னு சாசனம் எழுதினாங்க, அவ நல்லா வாழ்ந்தா.

கதை அவ்ளோதான். இப்ப நீ எந்திரி. அவளைக் கல்நெஞ்சக்காரின்னியே, நழுவாத, இங்க முன்னாடி வா. உன் சிநேகிதன் நிழலில்லாம, சிரிப்பில்லாம, உன் பேருகூடத் தெரியாம வந்து எதிர்ல உக்காந்திருக்கான். கரை நெருங்கிருச்சு. நீ அவன்கிட்ட என்ன சொல்லுவ? முணுமுணுக்காத. இத்தனை பேருக்கும் கேக்கணும். சொல்லு.