கால் தேய்ந்த ராஜா பொம்மை

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் அரசர் செய்த புண்ணியம் என்றும் பெய்யாவிட்டால் குடிகள் செய்த பாவம் என்றும் பேசிக்கொண்ட ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பசி தெரியாதவர், அவ்வளவுதான்.

ஒரு நவராத்திரியில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. அரண்மனையில் கொலு வைத்திருந்தார்கள். மேல்படியில் ஒரு மரப்பாச்சி ஜோடி நின்றது. அரசியின் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. செம்மரத்தில் செதுக்கிய ராஜாவும் ராணியும். அரசர் குனிந்து ராஜாவைப் பார்த்தார்.

“இது எந்த அரசர்?”

“எந்த அரசரும் இல்லை. பொதுவாக ஒரு ராஜா” என்றாள் அரசி.

“என் நாட்டில், என் வீட்டில், பொதுவாக ஒரு ராஜாவா?”

அரசி சிரித்துவிட்டாள். அரசர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஊர் ஊராகப் பறை அறைந்தார்கள். வீட்டிலிருக்கும் பழைய மரப்பாச்சிகளைச் சாவடியில் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு, அரசரின் முகமும் மீசையும் செதுக்கிய புதுப் பொம்மை ஒன்று தருவார்கள். வீட்டுக்கு ஒன்று கட்டாயம். பழைய பொம்மைகள் வண்டி வண்டியாக வந்து அரண்மனைச் சமையல்கட்டு அடுப்பில் எரிந்தன. நல்ல மரம். நின்று எரிந்தது.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஒன்று போதவில்லை. தச்சர்களும் விடவில்லை. யானைமேல் ராஜா, வேட்டை ராஜா, வெற்றிலை போடும் ராஜா, தூங்கும் ராஜா என்று புதிது புதிதாகச் செதுக்கினார்கள். பிரபுக்கள் அடித்துக்கொண்டு சேர்த்தார்கள். இரட்டையாக வந்ததை மாற்றிக்கொண்டார்கள். சபை கலைந்ததும் தூணோரம் நின்று, “என்னிடம் தூங்குகிறவர் இரண்டு இருக்கிறார், உம்மிடம் யானை இருக்கிறதா?” என்று பேசிக்கொள்வார்கள்.

இந்தச் சேகரத்தில் எல்லோரையும் மிஞ்சியவர் அரண்மனைக் கருவூலத்தைக் காக்கும் பண்டாரத் தலைவர் விருத்தகிரியார். அரசர் மனம் குளிர ஒரு சட்டமும் அவரே சொல்லிக் கொடுத்தார்: பொம்மைக்குச் செய்வது அரசருக்குச் செய்வது. அரசர் அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கப் பூரித்திருந்தார்.

ஏழை வீட்டில் மரப்பாச்சிக்கு வேறு வேலை உண்டு. பிள்ளை அதை வைத்து விளையாடும், கடிக்கும், கட்டிக்கொண்டு தூங்கும். பிள்ளைக்குச் சுரம் கண்டால், வீக்கம் வந்தால், தாய் அதே பொம்மையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, அந்தச் சிவப்புச் சாந்தை நெற்றியில் பூசி, நாக்கிலும் கொஞ்சம் தடவுவாள். வைத்தியருக்கு வழியில்லாத வீட்டில் வைத்தியர் அதுதான். பழைய பொம்மைகளை வாங்கி எரித்தவர்கள் யாரும் இதை நினைக்கவில்லை.

ஏரிக்கரையில் மண் சுமக்கிறவள் பூவாயி. புருஷன் முந்தின மழையில் கரை சரிந்து மண்ணுக்குள் போனவன். மிச்சம் ஒரு மகன், சின்னான். பேச ஆரம்பித்து, இன்னும் சரியாகப் பேச வராத வயது. மறு வருஷத்து ஐப்பசி அடைமழையில் அவனுக்குச் சுரம் வந்தது. வீட்டில் இருந்தது ராஜா பொம்மை ஒன்றுதான். அவள் உரசினாள். ராஜாவின் பாதங்கள் இரண்டும் கரைந்து, கணுக்கால் வரை போயின. சுரம் இறங்கவில்லை. பிள்ளை போய்விட்டான்.

அடக்கம் செய்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்த அன்றே பொம்மைச் சோதனைக்காரன் வந்தான்.

“ராஜாவுக்குக் கால் எங்க?”

“உரசிட்டேன்யா. புள்ளைக்கு மேலுக்கு முடியல.”

“எங்க புள்ள?”

அவள் ஏரிப் பக்கம் பார்த்தாள். அவனும் மறுபடி கேட்கவில்லை. அவன் வந்தது பொம்மையைப் பார்க்க. பொம்மையையும் அவளையும் சேர்த்துக் கொண்டுபோனான்.

சட்டம் தெளிவாக இருந்தது. அரசரின் பாதத்தைத் தேய்த்தவள் பாதம் இழக்க வேண்டும். மண் சுமக்கிறவளுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும் என்பது மண் சுமந்தவர்களுக்குத் தெரியும். கரைமேல் ஏறும்போது பாரம் தலையில் இருக்கும், உயிர் கால் பெருவிரலில் இருக்கும்.

அந்தச் சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். அவன் தாயும் அதே கரையில் மண் சுமந்தவள். வாய்ச்சாலகத்தால் மேலே வந்தவன். அரசருக்கு அவனைப் பிடிக்கும். அதனாலேயே விருத்தகிரியாருக்கு அவனைக் கண்டால் ஆகாது. இந்த வழக்கு வந்ததும் அவர் எழுந்தார்.

“மன்னர் மன்னா, இந்தப் பெண் விகடரின் இனத்தாள். அவரே தீர்ப்பு வழங்கட்டும். ஆனால் சட்டத்தில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. பிசகினால், அவள் இழக்க வேண்டியதை அவரும் இழக்கட்டும்.”

அரசருக்கு வேடிக்கையாகத் தோன்றியது. “விகடரே, நாளை காலை தீர்ப்புச் சொல்லும்.”

அன்று மாலை குப்பாண்டி காவல் கொட்டடிக்குப் போனான். பூவாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். புடவையில் இன்னும் மண் இருந்தது. எந்த மண் என்று அவன் கேட்கவில்லை.

“தாயி, நான் குப்பாண்டி. கரையில மண்ணு சொமந்த காத்தாயி மவன்.”

“தெரியும் சாமி. அரமனைல சிரிக்க வைக்கிறவரு.”

“நாளைக்கு உன் காலைக் காப்பாத்தணும். அதுக்கு நீ ஒண்ணு செய்யணும். நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. புள்ள போயிட்டான்னு நீயா வாயத் தொறக்காத.”

“ஏன் சாமி?”

“ராஜா காலை உரசியும் புள்ள பொழைக்கலன்னு தெரிஞ்சா, ராஜாவுக்கு மகிமை இல்லேன்னு நீ சொல்லிட்டேன்னு அந்தப் பண்டாரத்தாரு இன்னொரு குத்தம் சேப்பாரு. அவுரு வாய் அப்படி.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“சொல்லலேன்னா, இருக்கான்னு ஆயிடுமா சாமி?”

குப்பாண்டி எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் சபை நிரம்பியிருந்தது. பூவாயியை நடுவில் நிறுத்தினார்கள். கால் தேய்ந்த பொம்மையை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். குப்பாண்டி வந்ததும் வராததுமாக அந்தத் தட்டுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“என்ன கூத்து இது?” என்றார் விருத்தகிரியார்.

“அரசர் எழுந்தருளியிருக்கிறார், ஐயா. நீங்கள் மட்டும் நிற்கிறீர்களே. சட்டப்படி இவர் அரசரா, இல்லையா?”

“சட்டப்படி அரசரே.”

“அப்படியானால் விழுங்கள்.”

விருத்தகிரியார் விழுந்தார். அவர் விழுந்ததால் சபையே விழுந்தது. தொந்தி உள்ளவர்கள் எழுந்திருக்க நேரமானது. அரசர் மீசைக்குள் சிரித்தார்.

குப்பாண்டி சிம்மாசனத்தின் பக்கம் திரும்பினான்.

“பிரபு, குற்றம் நடந்த குடிசையில் சாட்சியாக இருந்தவர் ஒருவர்தான். தாங்கள். அங்கே என்ன கண்டீர்கள்?”

“நான் அங்கே இல்லையே.”

“சட்டப்படி இருந்தீர்கள், பிரபு. அந்தக் கூரை ஒழுகும். நனைந்தும் இருப்பீர்கள். சரி, தங்களுக்கு நினைவில்லை என்றால் இவளைக் கேட்கலாம். தாயி, அரசர் உன் வீட்டுல எங்க இருந்தாரு?”

“எம் மவன் கையில.”

“கால் பக்கமா ஏன் உரசின?”

பூவாயி தட்டிலிருந்த பொம்மையைப் பார்த்தாள்.

“தலையை அவன் புடிச்சிருந்தான் சாமி. பிடுங்கிப் பாத்தேன். விடமாட்டேன்னுட்டான். சுரத்துலயும் அம்புட்டுப் பிடி. அதான் அவன் கையையும் சேத்துக் கல்லுகிட்டக் கொண்டுபோயி, கால் பக்கமா உரசினேன்.”

“கேட்டீர்களா பிரபு? சுரத்தில் கிடக்கும் குழந்தையின் கையை விட்டு அரசர் விலகவில்லை. தம் காலையும் கொடுத்திருக்கிறார். குடிகளுக்காக நகத்தைக் கொடுத்த அரசரைக் கூட நான் கண்டதில்லை. தானம் வாங்கியவளைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?”

விருத்தகிரியார் பாய்ந்தார். “அரசர் கொடுக்கவில்லை. இவள் எடுத்தாள்.”

“எடுத்தாளா? நல்லது. அப்படியே அறிவித்துவிடலாம். வடக்கு எல்லையிலும் தெற்கு எல்லையிலும் பகை அரசர்கள் இருக்கிறார்கள். எங்கள் அரசரை மண் சுமக்கும் பெண் ஒருத்தி, ஆயுதமில்லாமல், அம்மிக்குப் பக்கத்தில் அமுக்கிப் பிடித்துக் காலைத் தேய்த்துவிட்டாள், எங்கள் அரசரால் தடுக்க முடியவில்லை என்று ஓலை அனுப்புவோம். பிரபு, கொடுத்தீர்களா, பறிகொடுத்தீர்களா? தாங்களே சொல்லுங்கள்.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். “கொடுத்தேன், விகடரே. கொடுத்தேன்.”

சபை முழுவதும் சிரித்தது. நடுவில் நின்ற ஒருத்தி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருத்தகிரியாருக்கு முகம் கறுத்தது. “சட்டத்தை விளையாட்டாக்குகிறார். ஏழைகளை இப்படி விட்டால் பொம்மைக்கு மரியாதை எங்கே இருக்கும்?”

“ஐயா சொல்வது சரி” என்றான் குப்பாண்டி. “மரியாதை தெரிந்த வீடு எப்படி இருக்கும் என்று இவள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். ஐயா வீட்டுச் சேகரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பிரபு.”

நான்கு பேர் ஒரு தேக்குப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். இரும்புப் பட்டை போட்டு, பெரிய பூட்டு தொங்கியது. திறந்தார்கள். உள்ளே வேப்பிலைச் சருகுக்கு நடுவே, துணி சுற்றி, வரிசை வரிசையாக அரசர்கள் கிடந்தார்கள்.

குப்பாண்டி ஒரு துணியைப் பிரித்தான். “அரசரை இருட்டில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கண்ணையும் கட்டி. இது எத்தனை நாளாக, ஐயா?”

“பூச்சி அரிக்காமலிருக்க…”

“யானைமேல் இருக்கும் இந்த அரசர் ஐயாவுக்கு எப்படிக் கிடைத்தார்? சேனாதிபதி வீட்டில் இருந்தவராயிற்றே. தூணோரம் பேசியது எனக்கும் காதில் விழுந்தது. தூங்குகிற அரசரைக் கொடுத்துவிட்டு யானை அரசரை வாங்கினீர்கள். மாட்டுச் சந்தையில் பல் பார்த்து மாற்றுவதைப் போல அரசரையே மாற்றியிருக்கிறீர்கள். பிரபு, அரசரைச் சிறைவைத்துச் சந்தையில் மாற்றினால் சட்டத்தில் என்ன தண்டனை?”

சேனாதிபதி மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். விருத்தகிரியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

“மன்னா, அவை மரம். வெறும் மரப் பொம்மைகள்.”

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதை என் வாயால் சொன்னால் என் கால் போகும்” என்றான் குப்பாண்டி. “சட்டம் சொன்னவர் வாயாலேயே வந்துவிட்டது. வெறும் மரம். மரத்தை உரசியவளுக்கு என்ன தண்டனை, பிரபு?”

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். ஜரிகைச் சால்வை ஒன்றும் வந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே பூவாயியின் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“பெண்ணே, நாம் கால் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான்?”

அவள் குப்பாண்டியைப் பார்த்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னவன் அவன். இப்போது கேட்டாகிவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இல்ல சாமி” என்றாள். “ஏரிக்குக் கெழக்கால பொதச்சிருக்கு.”

அரசரின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதுபோல் இருந்தது. பிறகு போனது.

“என்ன வேண்டும், கேள்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“அந்தப் பொம்மையக் குடுத்தா போயிருவேன். அது அவனோடது.”

கொடுத்தார்கள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். இரண்டு காலாலும் நடந்து போனாள். குப்பாண்டியால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். முத்துமாலையோடு நின்று அவள் வாசல் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

எரிந்த பொம்மைகள் எரிந்தவைதான். அந்தக் கரைக் குடிசைகளில், பயமில்லாமல் உரச ஒரு பொம்மைதான் இருந்தது. மற்ற வீடுகளில் ராஜாவைக் கல்லருகே கொண்டுபோக இன்னும் பயந்தார்கள். சட்டம் போனது காதுக்கு எட்டினாலும் உடம்புக்கு எட்ட நாளாகும். ஆகவே பிள்ளைக்குச் சுரம் என்றால் பூவாயி குடிசைக்கு வந்தார்கள். அவள் கொடுத்தாள். ராஜாவின் முழங்கால் போனது, இடுப்பு போனது, வாள் பிடித்த கையும் போனது. சில பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். சில பிள்ளைகள் எழவில்லை.

கழுத்துக்கு வந்ததும் அவள் தடுத்தாள். “தலைய மட்டும் விட்டுருங்க. மத்த வீட்டு ராசாவ எடுத்து உரசுங்க, இனி ஒண்ணும் ஆகாது. இது அவன் புடிச்ச எடம்.” அப்போதுதான் மற்றவர்களுக்கும் பயம் விட்டது.

இந்தச் சேதி கை மாறி, வாய் மாறி, அரண்மனைக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. ஏரிக்கரை ஏழைகள் அரசரின் திருமுகத்தைத் தேய்க்க மனமில்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்களாம்.

அரசர் மகிழ்ந்துபோனார். வெகு நாளைக்குப் பிறகு நன்றாகச் சிரித்தார். “பார்த்தீரா விகடரே, அவர்களுக்கு நம்மேல் எவ்வளவு பிரியம்” என்று சொல்லி, குப்பாண்டிக்கு இன்னொரு சால்வை கொடுத்தார்.

குப்பாண்டி அதை வாங்கிக்கொண்டான்.