அதே கோட்டில் இன்னொரு தடவை

இமயமலைக்கு மேலே, மார்கழி மாத மேகத்துக்குள் ஒரு சின்ன விமானம் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர். ஓட்டுகிறவர் கேப்டன் அருமைநாயகம். மேகத்தை அளக்கிறவர்கள் பேராசிரியர் ஞானாம்பாளும் அவருடைய மாணவர் ஆவுடையப்பனும்.

மாணவர் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆவுடையப்பனுக்குத் தலை நரைத்தாயிற்று, ஆசிரியையைவிட மூத்தவர். பாளையங்கோட்டையில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர், வேலையை உதறிவிட்டு மேகத்தைப் படிக்க வந்துவிட்டார். "இந்த வயசுல இவருக்கு என்ன கிறுக்கு?" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். அவர் ஆசிரியையை 'மேடம்' என்பார். ஞானாம்பாளும் அந்தப் பக்கத்துக்காரர்தான், 'அண்ணாச்சி' என்பார்.

குளிர்கால மேகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. உறைந்துபோக வேண்டிய குளிரிலும் தண்ணீர் உறையாமல் துளியாகவே நிற்கும். அது எப்போது பனியாகும்? இந்த மலைமேல் தானாகவே, சீக்கிரமே ஆகிவிடும் என்று சாதித்தார் ஆவுடையப்பன். அந்தத் துறையில் பெரிய ஆட்கள் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞானாம்பாள் மட்டும், "பறந்து பார்ப்போம்" என்றார். அன்றைக்குக் கடைசிப் பறப்பு. மறுநாள் விமானத்தை வேறு வேலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மனுஷருக்கு இனி வேறு வாய்ப்பு கிடையாது.

முதல் தடவை மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோது, கருவியின் திரையில் வெறும் நீர்த்துளிகள்.

"திருப்புங்க கேப்டன்," என்றார் ஆவுடையப்பன். "அதே மேகம், அதே கோடு. இந்நேரம் உறைய ஆரம்பிச்சிருக்கும். காத்து தள்ளிட்டுப் போயிருக்கும், அதையும் கணக்குப் பண்ணிக்கோங்க."

அருமைநாயகம் கெட்டிக்காரர். இம்மி பிசகாமல் அதே கோட்டில் கொண்டுபோனார்.

திரை முழுக்கப் பனித்துகள்!

"மேடம்! பாருங்க மேடம்!" ஆவுடையப்பனுக்குக் குரல் உடைந்துபோயிற்று. "தானாவே உறைஞ்சிருக்கு. நான் சொன்னேன்லா! எத்தனை பேரு சிரிச்சாங்க!" அறுபதை நெருங்குகிற மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். "கேப்டன், அதே கோட்டில் இன்னொரு தடவை. அதைப் பார்த்துட்டு ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது."

"எரிபொருள் இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும் சார்," என்றார் அருமைநாயகம். "அப்புறம் இறங்கிடணும்."

ஞானாம்பாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, முதல்ல போனப்ப அங்க என்ன இருந்துச்சு?"

"தண்ணி."

"ரெண்டாவது?"

"பனி."

"நடுவுல அந்தப் பக்கம் யாரு போனது?"

"யாரு போவா? நாமதான்..."

ஆவுடையப்பனின் வாய் பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். இறக்கையில் விமானத்தின் விசிறி வெறி பிடித்தாற்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் காற்று சட்டென்று விரியும், விரிந்தால் சில்லிட்டுப்போகும். இதோ அதோ என்று நிற்கிற தண்ணீர் உறைய அந்தக் குளிர் போதாதா? வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அவரே நடத்திய பாடம்தான்.

"அப்படி இருக்காது மேடம்," என்றார். சொன்னவருக்கே நம்பிக்கையில்லை.

"இல்லாமலும் இருக்கலாம்," என்றார் ஞானாம்பாள். "எந்தக் கோட்டில் போகணும்னு நீங்களே கேப்டன்கிட்ட சொல்லுங்க. எதைச் சொன்னாலும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்."

அதே கோட்டில் போனால் பனி நிச்சயம். ஊர் வாயை அடைக்கலாம், நிமிர்ந்து நடக்கலாம். தள்ளிப் போனால் என்ன இருக்குமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆவுடையப்பன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானாம்பாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லுங்க சார், நேரமாகுது," என்றார் அருமைநாயகம்.

"கேப்டன்." மைக்கை வாயருகே கொண்டுபோனார் ஆவுடையப்பன். "கொஞ்சம் தள்ளிப் போங்க. நாம போகாத இடமாப் பார்த்து."

விமானம் சாய்ந்து திரும்பியது. மேகம் ஜன்னலை மூடியது.

நீர்த்துளி. மறுபடியும் நீர்த்துளி. இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரு பனித்துகள்கூட இல்லை.

மேகத்தைவிட்டு மேலே வந்தார்கள். கீழே வெயிலில் வெண்மேகம் பரந்து கிடந்தது. அதன் நடுவில், அவர்கள் இரண்டு தடவை போய்வந்த கோட்டில் மட்டும், ஏர் ஓட்டினாற்போல ஒரு நீளமான பள்ளம். அந்த வழியே பனி உதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் மலை தெரிந்தது.

ஆவுடையப்பன் வெகுநேரம் அதையே பார்த்தார். இத்தனை வருஷப் பாடும் அந்தப் பள்ளத்தில் கிடப்பது போலிருந்தது அவருக்கு. தாங்க முடியாத துக்கம். ஆனால் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் மேடம். இம்புட்டுப் பாடுபட்டு வந்தோமே. இந்த மேகம் நம்மகிட்ட என்னதான் சொல்லுச்சு?"

ஞானாம்பாள் இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொண்டார். விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"அது எங்க பேசுச்சு, அண்ணாச்சி? கடைசித் தடவைதான் அதைப் பேச விட்டோம், அதுவரைக்கும் பேசுனது நாமதானே."