நுனி கிள்ளாத சுரைக்கொடி

கொடி நான்காவது வீட்டுக் கூரையையும் தாண்டிவிட்டது. ஒரு காய்கூட இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதந்தான். செங்கோடன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூ. பூவுக்குக் கீழே வெறும் காம்பு.

இது ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்தது. எந்த ராஜா ஆண்டார் என்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அவர் தேவையில்லை. மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே ஒரு வழக்கம். பெண் வீட்டார் வெற்றிலை பாக்கோடு மூன்று சுரை விதை கொடுப்பார்கள். மாப்பிள்ளை அதைத் தன் வீட்டில் போட்டுக் காய்க்க வைக்க வேண்டும். அந்தக் காயில்தான் கல்யாணக் கூட்டு. காய் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. மூன்று விதையை வளர்க்கத் தெரியாதவன் வீட்டில் வந்து அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள்? நியாயமான கேள்விதான்.

செங்கோடனுக்கு விதை கொடுத்தவள் பொன்னாச்சி, அவனுடைய மாமன் மகள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும். விதையைக் கையில் வைக்கும்போதே அவள் சொன்னாள்:

"மச்சான், கொடி கூரையத் தொட்டதும் நுனியக் கிள்ளிடு. அப்பத்தான் பக்கக்கொடி விடும். காய் நிக்கிறது பக்கக்கொடியிலதான்."

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்றான் செங்கோடன்.

அவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். குழி வெட்டினான். மக்கிய சாணமும் சாம்பலும் போட்டான். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் விதையை எலி தின்றுவிட்டது. இரண்டாவது விதை வேலியோரம் முளைத்து ஏறியது. பக்கத்து வீட்டு முத்தக்காளின் ஆடு வந்து அதன் நுனியைக் கடித்துவிட்டுப் போனது.

"ஏன்க்கா, உன் ஆட்டுக்கு வேற தீனியே கெடைக்கலையா?" என்று கத்தினான்.

"அதுக்கென்னடா தெரியும், எது கல்யாணக் கொடி, எது கருமாதிக் கொடின்னு?" என்றாள் முத்தக்காள்.

"இந்த மொட்டைக் கொடி எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ."

அவளும் அதைத் தன் பக்கம் இழுத்து, கூரையில் ஏற்றிவிட்டாள்.

மூன்றாவது விதைதான் நான் முதலில் சொன்ன கொடி. அது கூரையைத் தொட்டது. கிள்ள வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அப்போது தெருவில் போன ஒருவன், "அடேயப்பா, என்ன வேகம்!" என்றான். செங்கோடன் கையை எடுத்துவிட்டான்.

கொடி இரண்டாவது வீட்டுக்குப் போனது. தெருவே வந்து பார்த்தது. மூன்றாவது வீட்டுக்குப் போனது. ஊரே வந்து பார்த்தது. "இப்படியே விட்டா மலை மேலயே ஏறிடும்டா செங்கோடா!" என்றார்கள். அவனுக்கு நடையே மாறிவிட்டது.

அந்தச் சமயத்தில் பொன்னாச்சியின் ஊரிலிருந்து உப்பு விற்கிறவர் ஒருவர் வந்தார். "நுனியக் கிள்ளியாச்சான்னு பொன்னாச்சி கேக்கச் சொல்லுச்சுப்பா."

"ஊரே பாக்குது, இதப் போய்க் கிள்றதா? அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க."

அடுத்த வாரம் வந்தது, போனது. ஒன்றிரண்டு பிஞ்சு வந்து வெம்பி விழுந்தது. இப்படித்தான் கொடி நான்கு வீட்டைத் தாண்டியது, கல்யாணம் ஒரு மாதத்துக்கு வந்து நின்றது.

நாளை பெண் வீட்டார் காய் பார்க்க வருகிறார்கள். செங்கோடன் முத்தக்காளின் கூரையைப் பார்த்தான். அந்த மொட்டைக் கொடியில் இடம் இல்லாமல் காய் தொங்கியது.

"எடுத்துக்கோடா. இதுவும் அவ குடுத்த விதைதானே? ஆடு கடிச்சுது, காய்ச்சுதுன்னு உள்ளதச் சொல்லு. ஒத்துக்குவாங்க" என்றாள் முத்தக்காள்.

"ஆட்டுக்குத் தெரிஞ்சது இவனுக்குத் தெரியலையேன்னு ஊர் சிரிக்காதா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். கல்யாணம் நடக்கும்ல?"

அவன் கேட்கவில்லை. காயைப் பறித்துக்கொண்டு போய், தன் நீளக் கொடியில் வாழைநாரால் கட்டித் தொங்கவிட்டான். உண்மையைச் சொன்னாலே போதும் என்கிற இடத்தில் பொய் சொல்கிறவனை என்ன செய்வது?

மறுநாள் பொன்னாச்சி அப்பாவோடு வந்தாள். ஏணி வைத்து ஏறினாள். முதல் காயைத் தொட்டாள், நார். இரண்டாவதைத் தொட்டாள், நார். மூன்றாவதை அவள் தொடவில்லை. அவிழ்த்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கத்தவில்லை.

"காய் இல்லேன்னு எனக்கு வருத்தமில்ல மச்சான். கட்டித் தொங்கவிட்டதுதான் வருத்தம். போகட்டும். கல்யாணத்தத் தையில வெச்சுக்கலாம். இப்பக் கிள்ளினாலும் அதுக்குள்ள காய்ச்சிடும். கிள்ளிடு. நான் காத்திருக்கேன்."

அவள் அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணே சொல்லிட்டா மாப்ள. எனக்கு ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை செங்கோடன் ஏணியில் ஏறினான். நுனி பூனைமயிர் போல மெத்தென்று இருந்தது. நகத்தை அதன்மேல் வைத்தான். ஒரு கிள்ளு. அவ்வளவுதான் வேலை.

கீழே பேச்சுக் குரல் கேட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். "இதுதானா அந்தக் கொடி? எங்க ஊரு வரைக்கும் வந்துடும் போலயே!"

செங்கோடன் கீழே பார்த்துச் சிரித்தான். "இன்னும் போகும், பாருங்க" என்றான்.

தை வந்தது. கொடி தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பொன்னாச்சி கல்யாணம் வேறு ஊரில், வேறு ஒருவனோடு நடந்தது. கூட்டு நன்றாக இருந்ததாம்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: ஊர் மெச்சுவதற்காக வளர்ப்பது நம் வீட்டுச் சட்டிக்கு வராது.

நுனியைக் கிள்ளு என்று அவனிடம் மூன்று முறை சொன்னார்கள். அவன் கிள்ளவில்லை.