சுவரோரம் நின்ற தளவாய்

முன்னொரு காலத்தில், அரசருக்கு ஓர் ஆசை வந்தால் அவையோர் அத்தனை பேருக்கும் கால் வலிக்கும் என்றிருந்த காலத்தில், ஒரு நாட்டை மகிழேந்தி என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஏதாவது ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. அந்த வருஷம் புகுந்தது சிலம்பக் களத்துப் பயிற்சி. தளவாய் செங்கோடர் அவருக்கு ஒற்றைக்காலில் ஆடாமல் அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தார்.

நிற்க வந்துவிட்டதும் மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. “உடம்பை அடக்கத் தெரியாதவன் நாட்டை எப்படிக் காப்பான்? இனி இந்த அவையில் யாரும் உட்காரக் கூடாது. ஒற்றைக்காலில் நின்றே பேச வேண்டும்!” என்று ஆணையிட்டார். அமைச்சர் நாரையானார். புலவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெண்பா பாடினார்.

விகடகவி அங்கமுத்துவுக்கு நல்ல தொந்தி. அவன் நின்ற அழகைப் பார்த்து மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தளவாய்க்கு வயிற்றெரிச்சல். அவர் போர்க்களத்துக் கதை சொன்னால் மன்னர் கொட்டாவி விடுவார். அங்கமுத்து வாயைத் திறந்தாலே முகம் மலர்ந்துவிடும்.

“பிரபு, நிலையாக நிற்கத் தெரியாதவனுக்கு இந்த அவையில் என்ன வேலை? களத்தில் அவன் என்னோடு மோதட்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ளுவோம். முரசு ஒலித்த பிறகு யாருடைய பாதம் முதலில் அசைகிறதோ, அவர் நாட்டை விட்டே போகட்டும்” என்றார் தளவாய்.

மன்னரும் வேடிக்கை பார்க்கும் ஆசையில், “அப்படியே ஆகட்டும்” என்று சொல்லிவிட்டார்.

அங்கமுத்து வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி பேச்சியாயி தலையில் அடித்துக்கொண்டாள். “உழவு தெரியுமா, தறி தெரியுமா? ராஜாவைச் சிரிக்க வைக்கறதைத் தவிர என்னத்தத் தெரியும் உங்களுக்கு? வேற ஊருக்குப் போயி எதைத் தின்னுறது?”

“அழாத புள்ள. நானும் பழகித்தான் பாக்குறேனே” என்று அவன் கொல்லைப்புறம் போனான்.

போட்டி நாளில் ஊரே களத்தைச் சுற்றித் திரண்டது. செங்கோடர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். அங்கமுத்து மன்னரைக் கும்பிட்டான்.

“பிரபு, நான் பயந்த சுபாவம். தளவாய் பின்னால் நகர்ந்து வேகம் எடுத்து வந்து இடித்தால் நான் எலும்பாகத்தான் வீடு போய்ச் சேருவேன். இரண்டு குதிகாலும் மதில் சுவரில் முட்டும்படி அவர் நிற்கட்டும். நான் அவருக்கு எதிரே திறந்த வெளியில் நிற்கிறேன்.”

செங்கோடர் கடகடவென்று சிரித்தார். “எனக்குப் பின்வாங்கிப் பழக்கமில்லை. சுவர் இருந்தால் என்ன, மலை இருந்தால் என்ன?” என்று சொல்லி, குதிகாலைச் சுவரில் ஒட்ட வைத்து விறைப்பாக நின்றார்.

முரசு ஒலித்தது. அந்தக் களத்தில் ஒரு மரபு உண்டு. முரசு ஒலித்ததும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் யாரும் கையை நீட்டக் கூடாது. அங்கமுத்து பின்புறத்தைத் தாராளமாகப் பின்னுக்குத் தள்ளி, தொந்தியை மடக்கி, மண்ணைத் தொட்டு வணங்கினான். பாதம் அசையவில்லை.

தளவாயும் குனிந்தார். பாதிதான் குனிந்திருப்பார், சுவர் அவரைப் பின்னாலிருந்து நெட்டியது. கைகளைக் காற்றில் துழாவினார். அடுத்த கணம் தடாலென்று முன்னால் போய் அங்கமுத்துவின் காலடியில் குப்புற விழுந்தார்.

“சூழ்ச்சி! சுவருக்கு மந்திரம் போட்டிருக்கிறான்!” என்று மண்ணைத் துப்பிக்கொண்டே கத்தினார்.

“மந்திரமெல்லாம் இல்லை ஐயா. தலை முன்னால் போனால் பின்புறம் பின்னால் போக வேண்டும். அப்போதுதான் உடம்பு நிற்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டுச் சுவரில் ஒட்டி நின்றுதான் நானும் பழகினேன். மண்ணைத் தொடக் குனிந்த ஒவ்வொரு தடவையும் மண்ணுக்கு முத்தம் கொடுத்தேன்” என்றான் அங்கமுத்து.

மன்னருக்கு நம்பிக்கை வரவில்லை. “நான் நின்று காட்டுகிறேன், பாருங்கள்!” என்று விறுவிறுவென்று போய்ச் சுவரோரம் நின்று குனிந்தார். கிரீடம் ஒரு பக்கம் உருண்டது. மன்னர் ஒரு பக்கம் உருண்டார்.

 மன்னர் மீசையெல்லாம் புழுதியாக எழுந்தார். அங்கமுத்துவைப் பார்த்தார், தளவாயைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியொரு சிரிப்புச் சிரித்தார்.

“அங்கமுத்து, நீ வென்றாய்! ஆனால் என் பாதமும் அசைந்துவிட்டதே. தளவாயோடு சேர்ந்து நானும் நாட்டை விட்டுப் போக வேண்டுமா?”

“யாரும் எங்கேயும் போக வேண்டாம் பிரபு. எல்லோரும் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும்.”

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். “தளவாய் இங்கேயே இருக்கட்டும். அவையில் இனி எல்லோரும் உட்காரலாம்!” என்று அறிவித்தார். ஊரே ஆரவாரித்தது. அமைச்சரும் புலவரும் உட்கார இடம் தேடுவதற்குள், “அப்பாடா!” என்று முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டவர் மன்னர்தான்.