உத்தரவுக்குக் காத்திருந்த ஆறு

முன்னொரு காலத்தில் கருங்கயல் ஆற்றங்கரை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவன் காதில் நிற்கும்.

அந்த ஆற்றில் வெள்ளம் வந்தாலும் பரிசல் கவிழ்ந்தாலும், கரையோர ஊர்க்காரர்களே கயிறும் மூங்கிலுமாக ஓடிப்போய்க் காப்பாற்றுவார்கள். சம்பளம் கிடையாது. துறைக்கூட்டம் என்று அவர்களுக்குப் பெயர். படையை விட அவர்களை ஜனங்கள் அதிகம் புகழ்ந்தது தளவாய் அரிமர்த்தனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளத்தில் எல்லா ஊர்க் கூட்டமும் ஒரே இடத்துக்கு ஓடிவிட, கீழ்த்துறையில் ஒரு குடும்பம் கேட்பாரில்லாமல் மாண்டுபோனது. தளவாய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, இது தலையில்லாத கூட்டம். எல்லாரையும் என் கீழே கொண்டுவாருங்கள். என் உத்தரவில்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது."

அமைச்சர் இளநாகர் எழுந்தார். "குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் உத்தரவு வரும்வரை ஆறு காத்திருக்குமா?"

"அமைச்சருக்கு நீச்சல் தெரியுமா?" என்றார் தளவாய். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தான்.

ஐப்பசி மழையில் ஒரு பரிசல் கவிழ்ந்தது. உத்தரவு கேட்டுத் தலைநகருக்குக் குதிரை பறந்தது. துறைக்கூட்டத்தார் தண்டனைக்குப் பயந்து, கையைப் பிசைந்துகொண்டு கரையில் நின்றார்கள். பொன்னுருவி என்ற மீன்காரி மட்டும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஒரு கிழவரையும், ஒரு தாயையும், அவள் சின்ன மகளையும் இழுத்துவந்தாள். அதற்குள் அவள் கை ஓய்ந்துவிட்டது. சாத்தன் என்ற குயவன் ஒரு கிளையைப் பிடித்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு குரல் நின்றுபோனது. பொழுது சாய்ந்தபின்தான் உத்தரவு வந்தது.

மறுநாள் பொன்னுருவியைச் சபையில் நிறுத்தினார் தளவாய். காப்பாற்றப்பட்ட மூவரும் சாட்சிக்கு வந்திருந்தார்கள்.

"சட்டத்தை மீறியவள். கசையடி கொடுக்க வேண்டும்."

"நியாயம்தான்" என்றார் இளநாகர். பொன்னுருவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஆனால் சட்டம் அரைகுறையாக நடக்கக் கூடாது, மகாராஜா. இவர்கள் கரையேறியது மத்தியானம். உத்தரவு வந்தது சாயங்காலம். ஆக, இந்த மூன்று பேரும் சட்டத்துக்கு விரோதமாக உயிரோடு இருக்கிறார்கள். திரும்ப ஆற்றில் விடுவோம். தளவாய் முறைப்படி உத்தரவு போட்டுக் காப்பாற்றட்டும்."

இரண்டொருவர் சிரித்தார்கள். இளநாகர் சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் பெண்ணைக் கூட்டிவந்து, அவள் கையைத் தளவாயின் கையில் வைத்தார்.

"ஆறு பக்கத்தில்தான். நீங்களே கொண்டுபோய் விடுங்கள்."

குழந்தை தளவாயை அண்ணாந்து பார்த்தாள். "அங்கே போக வேண்டாம் மாமா. ரொம்ப ஆழம்."

தளவாய் அவளைத் தாயிடமே கொண்டுபோய் விட்டார். "என்னால் முடியாது" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"தளவாயே, உம்மால்தானே..." என்று சீறினான் ராஜா.

"யோசனை அவருடையது. முத்திரை உங்களுடையது" என்றார் இளநாகர்.

ராஜா எழுந்து நின்று பேசினான். "உயிருக்கு ஆபத்தைப் பார்த்தவர் யாரானாலும் உடனே இறங்கலாம். கூட்டம் எங்கே போகிறது என்று அடுத்த ஊருக்குத் தெரிய, துறைதோறும் முரசு வைக்க வேண்டும். தளவாயே, முரசும் கயிறும் கொடுப்பது இனி உம் வேலை. உத்தரவு கொடுப்பது அல்ல."

பிறகு தன் கழுத்து மாலையைக் கழற்றிப் பொன்னுருவியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கடைசி ஆளை விட்டுட்டேனே, ராஜா. சாத்தன் பெண்சாதிகிட்ட இன்னும் யாரும் போய்ப் பேசலை."

ராஜா நடந்தே போனான். குயவன் வீட்டு வாசலில் கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"உன் புருஷன் கூப்பிட்டான் அம்மா. கரையில் ஆள் இருந்தது. அவர்களைத் தடுத்தது என் முத்திரை."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "ரொம்ப நேரம் கூப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாம்மா" என்றான்.