மூடி போட்ட இளவரசி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமா, நீட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை மட்டும் உதைக்காதீர்கள். ஒரு ராஜாவையும் அவருடைய பெரிய சபையையும் ஒரு பொடிசு ஜெயித்த கதை சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிப்பு வராவிட்டால் என்னிடம் வந்து சண்டை போடுங்கள்.

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் பல் துலக்கும்போது ஒரு யோசனை வந்துவிட்டால் போதும், வாய் கொப்பளிப்பதற்குள் அது கட்டளையாகிவிடும். அவருக்கு ஒரே மகள். பெயர் செண்பகவல்லி. வயது ஐந்து. கன்னம் இரண்டும் அப்பம் மாதிரி இருக்கும்.

அந்த அரண்மனையில் பரம்பரையாக ஒரு வழக்கம் இருந்தது. அரச குழந்தையின் கை எதற்காகவும் இரண்டாம் தடவை நீளக் கூடாது. ஒரு தடவை நீண்டதுமே அந்தப் பொருள் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் குழந்தை செருப்பில் காலை நுழைக்கப் பார்த்தால் ஒருத்தி ஓடிவந்து மாட்டிவிடுவாள். பொம்மையின் கழன்ற கையைப் பொருத்தப் பார்த்தால் இன்னொருத்தி வாங்கிப் பொருத்திக் கொடுத்துவிடுவாள். எல்லாம் அன்புதான். அன்பில்லை என்று யார் சொன்னது?

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். வரும்போது மரத்தில் செய்த யானை ஒன்றைக் கொண்டுவந்தார். தலை தனி, தும்பிக்கை தனி, கால் தனி. சேர்த்தால் யானை. செண்பகவல்லி தும்பிக்கையைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற தாதியிடம் நீட்டினாள்.

“நீயே பண்ணு.”

விருந்தாளி ராஜா மீசைக்குள் சிரித்தார். “என் பையன் மூன்று வயதிலேயே இதைச் சேர்த்துவிட்டான்” என்றார்.

அவ்வளவுதான். நம் ராஜாவுக்கு அன்றிரவு சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. மறுநாள் பல் துலக்கும்போதே கட்டளை பிறந்தது. “என் மகளின் புத்தியைத் தீட்டும் விளையாட்டுகள் உலகில் எங்கிருந்தாலும் உடனே வரட்டும்!”

வேலையை எடுத்துக்கொண்டவர் தலைமை மந்திரியான பிரதானி அனந்தநாராயணர். தந்தத்தில் சதுரங்கம் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய வெள்ளி வளையங்கள் வந்தன. ரத்தினம் பதித்த பூட்டுப் பெட்டி வந்தது, எந்த ஆணியை எப்படித் திருகினால் திறக்கும் என்பது செய்தவனுக்கே மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றையும் விளக்கப் பண்டிதர்களும் வந்தார்கள். ஒரு பண்டிதர் வளையங்களைக் கழற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. குழந்தையோ அவர் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சபையின் ஓரத்தில் நின்ற பிச்சாண்டி சிரித்துவிட்டான். இந்தப் பிச்சாண்டிதான் அந்தச் சபையின் விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ராஜா அவன் பேச்சைக் கேட்கிறாரே என்று பிரதானிக்கு வயிறு எரியும்.

“என்ன சிரிப்பு?” என்றார் ராஜா.

“விளையாட்டு அருமை, அரசே. இளவரசி தூங்குகிறார், பண்டிதர் விளையாடுகிறார். இப்படியே போனால் பண்டிதர் பெரிய புத்திசாலி ஆகிவிடுவார்.”

பிரதானி சட்டென்று எழுந்தார். “மகாராஜா, குறை சொல்லத் தெரிந்தவருக்கு நல்லதைத் தேர்ந்தெடுக்கவும் தெரியும். பிச்சாண்டியே ஒரு விளையாட்டைக் கொண்டுவரட்டும். ஆனால் நம் இளவரசியின் பெருமை உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? அந்த விளையாட்டில் இளவரசி யார் உதவியும் இல்லாமல் ஜெயிக்க வேண்டும். இந்தச் சபையில் உள்ள பெரியவர் ஒருவர்கூட ஜெயிக்கக் கூடாது.”

ராஜாவுக்கு அந்த யோசனை வெல்லமாய் இனித்தது. “அப்படியே ஆகட்டும்! பௌர்ணமிக்குள் கொண்டு வா பிச்சாண்டி. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டு எல்லையைத் தாண்டிவிடு.”

பிச்சாண்டி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி குருவம்மாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

“சபையில அத்தனை பேரு நின்னாங்களே, உமக்கு மட்டும் என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு? கட்டில்ல கெடக்கிற அத்தையத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குய்யா போறது?”

“கோவப்படாதே. பொம்மை எதுவும் ஆப்புடலைன்னாதானே போகணும்?”

“பச்சப்புள்ள ஜெயிக்கிறதுல கெழவன் தோப்பானா? அப்படியும் ஒரு பொம்மை உண்டா?”

அவனுக்கும் தெரியவில்லை. மறுநாள் கடைத்தெருப் பக்கம் போகாமல், நேரே அரண்மனைக்குப் போய்க் குழந்தை என்ன செய்கிறாள் என்று பார்த்தான். ரத்தினப் பெட்டி தாழ்வாரத்தில் அநாதையாகக் கிடந்தது. குழந்தையைக் காணோம். தேடிக்கொண்டு போனால் சமையற்கட்டில் இருக்கிறாள்! கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு மூடியை எடுத்துச் சட்டி மேல் வைத்துப் பார்க்கிறாள். சேரவில்லை. அடுத்த மூடிக்குக் கையை நீட்டுகிறாள். அதற்குள் தாதி மங்கா பறந்து வந்து சரியான மூடியை வைத்துவிட்டாள். குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

“ஏம்மா மங்கா, அவுங்களே கண்டுபிடிச்சிருப்பாங்களே?”

“நல்லா சொன்னீங்க போங்க! பாப்பா கை ரெண்டாந்தரம் நீண்டுச்சுன்னா என் வேலை போயிரும். உங்க விகடத்தை உங்க வீட்டுல வச்சுக்கிடுங்க.”

பிச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்கு நடந்தான்.

பௌர்ணமி வந்தது. சபை நிரம்பி வழிந்தது. பிச்சாண்டி நடுவில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, மோர்க் கலயம், நெய்ச் செம்பு என்று பரப்பினான். மூடிகளைத் தனியே குவித்தான்.

பிரதானி வாய்விட்டுச் சிரித்தார். “இதுவா விளையாட்டு? என் வீட்டு வேலைக்காரிகூட ஜெயிப்பாளே!”

“விதியைக் கேளுங்கள் பிரதானியாரே. சபையில் எல்லோரும் ஆடலாம், எல்லோருக்கும் ஒரே விதி. கடைசிப் பாத்திரம் சரியாக மூடப்படும்வரை ஒருவர் மற்றவருக்கு எதையும் சொல்லித் தரக் கூடாது, கேட்கவும் கூடாது. வாயாலும் கூடாது, கையாலும் கூடாது, கண் ஜாடையும் கூடாது. அதுவரை தாக்குப்பிடிப்பவர் ஜெயித்தவர். மூடுகிற வேலை இளவரசியுடையது.”

“இவ்வளவுதானா?” என்றார் ராஜா. “சும்மா இருப்பது ஒரு வேலையா? தொடங்கு.”

செண்பகவல்லி ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எடுத்ததும் எடுத்தாள், இருப்பதிலேயே பெரிய மூடியை! அதைத் தூக்கி மோர்க் கலயத்தின் மேல் வைத்தாள். அது குடை பிடித்த மாதிரி உட்கார்ந்தது. அவளுக்கு அது அழகாக இருந்தது போலும், அப்படியே விட்டுவிட்டாள்.

“அடடா, அது இல்லைடி தங்கமே!” என்று ஒரு குரல். பார்த்தால், சிம்மாசனத்தில் இருந்தவர்! ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆட்டத்தில் முதலில் தோற்றவர் அவர்தான்.

சிறிய மூடியைத் தேடிக் குழந்தையின் கை ஒரு தடவை நீண்டது. எட்டவில்லை. மறுபடியும் நீண்டது. இரண்டாம் தடவை! மங்கா தன்னையறியாமல் பாய்ந்து அதை நகர்த்தப் போனாள், அதற்குள் குழந்தையே எட்டி எடுத்துவிட்டாள். மங்காவும் ஆட்டத்திலிருந்து போனாள். வாளும் கையுமாக நிற்கும் சேனாபதி கண்ணால் குழம்புச் சட்டியைக் காட்டிக் காட்டி, கண் சிவந்து அவரும் போனார். புலவர் இருமினார். இருமலா அது? “இடப் பக்கம், இடப் பக்கம்” என்று தெளிவாகவே கேட்டது. வளையப் பண்டிதரோ முழங்காலிட்டு நடுவுக்கே வந்துவிட்டார், அவரை இரண்டு பேர் இழுத்துப் போனார்கள்.

பிரதானி மட்டும் அசையவில்லை. அங்கவஸ்திரத்தால் வாயைக் கட்டிக்கொண்டார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கண்ணையும் பாதி மூடிக்கொண்டார். அவருக்கு என்ன கஷ்டம்? குழந்தை தப்பாகச் செய்தால் அவருக்கு ஆனந்தம்தானே! பிச்சாண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு மனிதர் தாக்குப்பிடித்துவிட்டால் அத்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

குழந்தை யாரையும் பார்க்கவில்லை. தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒன்று வைப்பாள், எடுப்பாள், திருப்பி வைப்பாள். கடைசியில் மிஞ்சியது சோற்றுப் பானையும் ஒரு சின்ன மூடியும். வைத்தாள். மூடி ‘டங்’ என்று பானைக்குள்ளேயே விழுந்துவிட்டது.

அங்கவஸ்திரம் அவிழ்ந்து பறந்தது. “தப்பு! தப்பு! கலயத்தின் மேல் இருப்பதல்லவா பானை மூடி! தோற்றாள்! நாட்டை விட்டுக் கிளம்பு பிச்சாண்டி!” என்று பிரதானி குதித்தார்.

சபையே திரும்பி அவரைப் பார்த்தது. அவருக்கு மெதுவாக உறைத்தது. சொல்லித் தந்துவிட்டார்! குதித்த கால் அந்தரத்திலேயே நின்றது.

குழந்தைக்கு அந்தக் கூச்சல் எதுவும் காதில் விழவில்லை. ‘டங்’ என்ற சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. மூடியை எடுத்து மறுபடியும் உள்ளே போட்டாள். ‘டங்’. கலகலவென்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திப் பானையின் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். அதே விரலால் ஒவ்வொரு மூடியையும் சுற்றித் தடவிக்கொண்டே போனாள். கலயத்தின் மேல் இருந்த குடையைத் தொட்டதும் கண் விரிந்தது. அதைத் தூக்கிப் பானை மேல் வைத்தாள். சின்ன மூடியைக் கலயத்தின் மேல் வைத்தாள். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

“நானே பண்ணிட்டேன்!” என்று கத்தினாள்.

ராஜாவுக்குக் கண் கலங்கியது. பிரதானி மட்டும் விடவில்லை. “மகாராஜா, பிச்சாண்டி தாக்குப்பிடித்துவிட்டான்! பெரியவர் ஒருவர் ஜெயித்துவிட்டார். நிபந்தனை உடைந்தது!”

“பிரதானியாரே, என் காலைப் பாருங்கள்” என்றான் பிச்சாண்டி. அவனுடைய வலது கால் கட்டைவிரல் விறைத்துக்கொண்டு கலயத்தைக் காட்டியபடி நின்றது. “மூடி உள்ளே விழுந்தபோதே நீண்டுவிட்டது. இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது.”

ராஜா சிரித்தார் பாருங்கள்! கிரீடம் நழுவிக் காதில் தொங்கிற்று, அதைக்கூடக் கவனிக்கவில்லை. சிரித்து ஓய்ந்து, “ரத்தினப் பெட்டி செய்யாததை இந்தச் சட்டிப் பானை எப்படியப்பா செய்தது?” என்று கேட்டார்.

“பெட்டி திறக்காவிட்டால் ஏன் திறக்கவில்லை என்று சொல்லாது, அரசே. மூடி சொல்லிவிடும். சேராவிட்டால் ஆடும், விழும், சத்தம் போடும். அவர் வயதுக்கு அது போதும், அதற்கு மேல் நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பானையிலே கை தேறினால் அந்த மர யானையை அவரே தேடிப் போவார்.”

ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்தினார். ஒரு கறவைப் பசுவைக் கன்றோடு ஓட்டிப்போகச் சொன்னார். “இன்னும் என்ன வேண்டும்? கேள்” என்றார்.

“இனி இளவரசியின் கை எத்தனை தடவை வேண்டுமானாலும் நீளட்டும் என்று ஒரு வார்த்தை, அரசே.”

“நீளட்டும்!” என்றார் ராஜா. பல் துலக்காத நேரத்தில் அவர் போட்ட முதல் நல்ல கட்டளை அதுதான். மங்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் நெல்லும் நீரும் குறையாதிருக்கட்டும். பெற்றவர்களுக்குப் பொறுமையும் பிள்ளைகளுக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும். நோய் நொடி உங்கள் தெருவுக்கே வழி தெரியாமல் போகட்டும். பிறந்தவர், புகுந்தவர், இனி வரப்போகிறவர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டு, நல்லபடியாக இருங்கள்.